அவர் இருக்கும் ஊர்

போடிநாயக்கனூர்
ஜனவரி 14, 2024

கர்த்தருக்குள் பிரியமான தங்கை ஜாய்ஸுக்கு,

அக்கா ஜெபா எழுதுகிறேன். இங்கே கையும் காலும் தங்கள் வேலையைப் பார்க்கின்றன. காது மட்டும் ஓய்வுபெற்றுவிட்டது. அங்கே நீயும் உன் வீட்டுக்காரர் பொன்னுராஜ் தம்பியும், மகள் ஜெனிபர், மாப்பிள்ளை விஜய்ராஜ், குட்டி திரிஷா எல்லோரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

போன ஞாயிறு நீ போனில் பேசினாயே, ஒரு சொல் கூட எனக்கு விழவில்லை. "உம், உம்" என்று சொல்லி வைத்தேன். பிறகு தேனியிலிருந்து வந்திருந்த மகன் கார்த்திக்ராஜ், "சின்னம்மா நல்லா இருக்காகளாம், அங்கன கத்திரி வெயிலாம்" என்று தாளில் எழுதிக் காட்டினான். மதுரைக் காது டாக்டர் கொடுத்த மெஷினை வைத்தால் மாவு மில்லுக்குள் உட்கார்ந்த மாதிரி இரைச்சல். வீடியோவில் உன் வாய் அசைவது தெரிகிறது, என்ன சொல்கிறாய் என்று தெரியவில்லை. செல்போனில் வரும் எழுத்தோ எறும்பு ஊர்வது போல இருக்கிறது. அதனால் நீ இனிமேல் பெரிய பெரிய எழுத்தாகக் கடிதம் போடு. தபாலுக்கு மூன்று வாரம் ஆனாலும் பரவாயில்லை. எனக்கு என்ன அவசரம்?

நீங்கள் கிளம்பும்போது தேனியோடு நின்றிருந்த ரயில் இப்போது போடி வரைக்கும் வருகிறது. தம்பியிடம் சொல். உங்கள் வீட்டை வாங்கியவர் முன்பக்கத்தை இடித்து இரண்டு கடை கட்டியிருக்கிறார். பின்னால் ஏலக்காய் மூட்டை அடுக்கிய அறையை மட்டும் இன்னும் தொடவில்லை. அந்தச் சந்து வழியாகப் போனால் இப்போதும் வாசம் வருகிறது. காது போனால் மூக்கு கூர்மையாகிவிடும் போலிருக்கிறது.

பதில் போடு.

உன் அக்கா,
ஜெபா


லான்செஸ்டன், டாஸ்மேனியா
பிப்ரவரி 18, 2024

அன்புள்ள அக்காவுக்கு ஜாய்ஸின் ஸ்தோத்திரம்.

உன் கடிதத்தை இவர் வாசித்தார், நான் கேட்டேன். பிறகு நான் வாசித்தேன், இவர் கேட்டார். கல்யாணமான புதிதில் நீ போட்ட கடிதங்களுக்குப் பிறகு உன் கையெழுத்தைப் பார்க்கவே இல்லை. 'ற' போடும்போது அந்த வாலை இன்னும் நீட்டிக்கொண்டுதான் போகிறாய்.

எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஜெனிபர் வீட்டுக்குப் பின்னால் தனியாக ஓர் அறை, சமையல் மேடை, குளியலறை. மகள் வீட்டில் சாப்பிடுகிறோம் என்ற எண்ணம் இவருக்கு வந்துவிடக் கூடாது என்று தனி அடுப்பு வைத்துக் கொடுத்திருக்கிறாள். பிள்ளைகள் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட்டால் மாலை வரைக்கும் நாங்கள் இருவர்தான். தெரு அவ்வளவு சுத்தம், அவ்வளவு அமைதி. நாய் குரைத்தால் கூட எட்டிப் பார்க்கத் தோன்றும்.

போடிமெட்டு ஏறும் வழியில் தைல மரங்கள் நிற்குமே, அவற்றின் தாய்வீடு இந்த நாடுதானாம். மழை பெய்து ஓய்ந்ததும் அந்த வாசம் வரும். கண்ணை மூடிக்கொண்டால் மூணாறு பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருக்கும். கண்ணைத் திறக்கத்தான் மனசு வராது. பக்கத்தில் திராட்சைத் தோட்டங்கள் உண்டு. கம்பியில் படர விட்டிருக்கிறார்கள். இவர் காரிலிருந்து பார்த்துவிட்டு, "ஓடைப்பட்டியில பந்தல் போட்டு நிழலாக்கி வச்சிருப்பாக. இங்கன கொடியக் கூட வரிசையில நிக்க வச்சிட்டாக" என்கிறார்.

போன வாரம் சூப்பர் மார்க்கெட்டில் ஏலக்காய்ப் பாக்கெட் ஒன்றை எடுத்து, முனையில் நகத்தால் கிள்ளி மோந்து பார்த்தார். "நயம் காய் இல்லத்தா, ரெண்டு வருசப் பழசு" என்று அந்தக் கடைப் பெண்ணிடமே தமிழில் சொன்னார். அது சிரித்தது. நான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

எங்கள் விசா டிசம்பரில் முடிகிறது. எழுதிக் கொடுத்தால் நீட்டித்துவிடுவார்கள் என்று நினைக்கிறோம்.

உன் தங்கை,
ஜாய்ஸ்

மதினிக்கு பொன்னுராஜ் எழுதுவது. ரயில் வந்தது சந்தோஷம். இங்கே எல்லாம் உண்டு, பேச்சுக்கு ஆள்தான் இல்லை. காய் இப்போது என்ன விலை போகிறது என்று கார்த்திக்கிடம் கேட்டு எழுதவும்.


போடிநாயக்கனூர்
மார்ச் 24, 2024

பிரியமான ஜாய்ஸுக்கு, அக்காவின் அன்பு.

தம்பி கேட்ட விலையைக் கார்த்திக் விசாரித்துத் தனித் தாளில் எழுதியிருக்கிறான். அதைத் தம்பி மூன்று நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிவார் என்று எனக்குத் தெரியும்.

இங்கே வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. பஞ்சம்மாள்தான் காலையில் வந்து தண்ணீர் பிடித்து, சமைத்து வைத்துவிட்டுப் போகிறாள். எதைச் சொல்வதானாலும் எனக்குக் கையை ஆட்டிக் காட்டுகிறாள். நேற்று கத்தரிக்காயா வெண்டைக்காயா என்று கேட்பதற்கு அவள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்திருந்தால் நீ தரையில் உருண்டிருப்பாய்.

நீ தைல மர வாசம் என்று எழுதியதிலிருந்து எனக்கு அந்த ஜீப் பயணமே நினைவாக இருக்கிறது. ஜெனிபர் அப்போது கைக்குழந்தை. தம்பி தோட்டத்துக்காரர்களைப் பார்க்கப் போகிறேன் என்று நம் எல்லோரையும் ஜீப்பில் அடைத்துக்கொண்டு மலையேறினார். ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தி யாரிடமாவது மலையாளத்தில் பேசுவார். என் வீட்டுக்காரர், "இந்த மனுசன் மேல போய்ச் சேருறதுக்குள்ள பிள்ளைக்குப் பல்லு மொளைச்சிரும்" என்றார். மேலே போய்ப் பார்த்தால் நாம் கட்டிக்கொண்டு போன எலுமிச்சம் சாதத்தைத் தம்பி வழியில் யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தார்! அன்றைக்கு ஒரு தோட்டத்து வீட்டில் கப்பைக் கிழங்கும் மீன் குழம்பும் சாப்பிட்டோமே, அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

அப்படிப்பட்ட மனுஷன் பேச்சுக்கு ஆள் இல்லை என்று ஒரு வரியில் எழுதுகிறார். நீ ஒரு குறையும் இல்லை என்று ஒரு பக்கம் எழுதுகிறாய். யாரை நம்ப?

அக்கா,
ஜெபா


லான்செஸ்டன்
ஜூன் 9, 2024

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். எல்லோரும் சுகம். நீயும் சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. காலையில் புல் மேல் வெள்ளையாக உறைபனி கிடக்கிறது. மதியம் வெயில் அடித்தாலும் சூடு இல்லை. ஆற்றின் மேல் மூடுபனி எழும்பி நிற்கிறது. மாலையில் சீக்கிரமே இருட்டிவிடுகிறது. மரங்கள் இலையெல்லாம் உதிர்த்துவிட்டன. காற்றும் கொஞ்சம் அதிகம். நாளை மழை வரும் என்கிறார்கள்.

திரிஷா பள்ளியில் பாட்டுப் பாடிப் பரிசு வாங்கினாள்.

இவர் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார். குளிரில் விரல் விறைப்பாக இருக்கிறதாம், அதனால் எழுதவில்லை.

ஜாய்ஸ்


போடிநாயக்கனூர்
ஜூலை 2, 2024

ஜாய்ஸுக்கு,

சுகம் விசாரிக்கிற பொறுமை எனக்கு இல்லை, நேரே கேட்கிறேன். தம்பிக்கு என்ன?

அம்மாவிடம் நீ பொய் சொல்லும்போதெல்லாம் மழை, வெயில், காற்று என்று ஆரம்பிப்பாய். ஊறுகாய் ஜாடியை உடைத்த அன்று, "அம்மா, வெளியில மேகம் கருக்குது" என்று சொன்னவள்தானே நீ! இந்தக் கடிதத்தில் முக்கால்வாசி மேகம்தான் இருக்கிறது.

பாத்திரக் கடையில் முப்பது வருஷம் உட்கார்ந்தவள் நான். தட்டிப் பார்க்காமலே விரிசல் தெரியும். ஜெனிபரைக் கேட்டுச் சொல் என்று கார்த்திக்கிடம் சொன்னேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியக் கூடாது என்று எல்லோரும் பேசி வைத்திருக்கிறீர்கள். காதுதான் போச்சு, ஆத்தா. நான் இன்னும் போகவில்லை.

உள்ளதை எழுது.

ஜெபா


லான்செஸ்டன்
ஜூலை 28, 2024

அக்கா,

உன் கடிதம் கையில் கிடைத்ததும் குளியலறைக்குள் போய் அழுதேன். யாரிடமாவது சொல்ல மாட்டோமா என்றுதான் இருந்தது.

மே மாதம் ஒரு காலை. சட்டை போட்டுக்கொண்டிருந்தார். பொத்தானைப் போடுகிறார், போடுகிறார், மாட்டவே இல்லை. "என்னங்க?" என்றேன். திரும்பிப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. ஜெனிபரும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போயிருந்தார்கள். ஆம்புலன்சுக்குப் போன் போட்டுவிட்டேன். அந்தப் பக்கம் ஏதோ கேட்கிறார்கள், எனக்கு இருந்த கொஞ்சம் இங்கிலீஷும் ஓடிப்போய்விட்டது. "ஹஸ்பண்ட், ஹஸ்பண்ட்" என்றுதான் வருகிறது. போடியாக இருந்தால் வாசலில் நின்று ஒரு சத்தம் போட்டிருப்பேன், பஜாரே வந்திருக்கும். இங்கேயும் கதவைத் திறந்து கத்தினேன், அக்கா. ஒரு கதவும் திறக்கவில்லை. தப்புச் சொல்லவில்லை. எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள்.

வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. எங்களுக்கு இங்கே அரசாங்க மருத்துவ அட்டை கிடையாது, தனியார் இன்சூரன்ஸ்தான். ரத்தக் கொதிப்பு முன்பே இருந்தது என்று சொல்லி அவர்கள் பணம் தர மறுக்க, ஜெனிபர் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து போனில் மன்றாடிக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை இளைத்துவிட்டது.

பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் வந்தாள். படம் படமாகக் காட்டி இது என்ன என்று இங்கிலீஷில் கேட்டாள். இவர் விழித்தார். சொல் மறந்துவிட்டது என்று குறித்துக்கொண்டாள். ரொட்டி சுடும் மெஷினுக்கு இங்கிலீஷில் பெயர் என்ன என்று இவருக்கு எப்போது தெரியும், மறப்பதற்கு? அதைச் சொல்ல எனக்கும் வார்த்தை இல்லை.

பிறகுதான் லிஸி வந்தாள். கட்டப்பனைக்காரி, இங்கே நர்ஸ். இவர் பெயரைப் பார்த்துவிட்டுக் குனிந்து, "அப்பச்சா, சுகமாணோ?" என்று மலையாளத்தில் கேட்டாள். இவர் அவளையே பார்த்தார். அப்புறம் குழறிக் குழறி, "ஏலத்தினு... இப்போ எந்தா வில?" என்று ஏலக்காய் விலை கேட்டார். மூன்று வாரத்தில் முதல் பேச்சு அதுதான். நானும் அந்தப் பெண்ணும் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தோம், அழுதோம்.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டோம். இடது கையால் என் சேலையைப் பிடித்து இழுத்துத் தினமும் ஒரே ஒரு சொல்தான் சொல்கிறார்: "கெளம்பு." எங்கே என்று நான் கேட்பதில்லை. அக்டோபரில் விமானத்தில் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வீட்டை விற்றுவிட்டு வந்தவர்கள் நாங்கள். வாடகைக்கு விட்டுப் போங்கள் என்று அப்போதே நீ சொன்னாய். கேட்கவில்லை. உன் வீட்டில் இடம் தருவாயா?

ஜாய்ஸ்


போடிநாயக்கனூர்
ஆகஸ்ட் 21, 2024

என் தங்கத்துக்கு,

இடம் தருவாயா என்று கேட்டாயே, அதற்கு நேரில் வா, ஓர் அடி வைக்கிறேன்.

கடிதம் வந்த அன்றைக்கே ஆசாரி வேலுச்சாமியை வரச் சொல்லிவிட்டேன். முன்னறையைக் காலி செய்தாயிற்று. குளியலறைக்குப் போகிற வழி நெடுக, பிடித்து நடக்க மரச்சட்டம் அடித்திருக்கிறார். வாசல்படியை உடைத்துச் சரிவாகப் பூசிவிட்டோம், சக்கர நாற்காலி ஏற வேண்டுமே. வேலுச்சாமி, "பொன்னுராஜ் மொதலாளிக்கா? நானே தள்ளிப் பாக்குறேன்" என்று தாளில் எழுதிக் காட்டிவிட்டு, பஞ்சம்மாளை நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளிப் பார்த்தார். அவள் போட்ட கூச்சல் எனக்கே கேட்ட மாதிரி இருந்தது.

தம்பியிடம் சொல்: நாலு மணியானால் பழைய கூட்டாளிகளை வரச் சொல்லியிருக்கிறேன். அவர் பேச வேண்டாம், அவர்கள் பேசுவார்கள். மலையில் சாரல் விழுகிறது. காற்று நன்றாக இருக்கிறது. அக்டோபரில் வந்தால் மழையோடு வருவீர்கள்.

உங்களுக்காகக் காத்திருக்கும்,
அக்கா


லான்செஸ்டன்
செப்டம்பர் 22, 2024

அக்கா,

கார்த்திக் உனக்கு எழுதிக் காட்டியிருப்பான். நானும் என் கையால் எழுத வேண்டும்.

உன் கடிதம் வந்த நாலாம் நாள் அவருக்கு இரண்டாவது முறை வாதம் வந்துவிட்டது. இந்த முறை ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை. மரச்சட்டம் அடித்ததையும் பஞ்சம்மாளை வைத்துத் தள்ளியதையும் அதற்கு முன்பே அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டேன். சிரித்தார். அந்த ஒரு பக்கச் சிரிப்பு. அது போதும் எனக்கு.

நீ கேட்பாய், ஏன் ஊருக்குக் கொண்டுவரவில்லை என்று. அவருடைய அப்பாவுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது, எனக்குத் தெரியாதா? ஜெனிபர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அம்மா, ஊருக்குக் கொண்டுபோகலாம். அனுமதி எல்லாம் வாங்க மூணு வாரம் ஆகும்னு சொல்றாங்க."

"அதுவரைக்கும் எங்கன வச்சிருப்பாக?"

"குளிர்ப்பெட்டியில."

"வேணாம்த்தா. உங்கப்பாவுக்குக் குளிர் ஆகாது."

அவ்வளவுதான் அக்கா, வேறு எதையும் நான் யோசிக்கவில்லை. ஒரு மலைச்சரிவில் கல்லறைத் தோட்டம். அங்கே அடக்கம் பண்ணினோம். பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். லிஸி அவளுடைய கூட்டத்தைக் கூட்டி வந்து மலையாளத்தில் பாடினாள். போடியில் என்றால் அன்று கடையடைத்திருப்பார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. விசாவை இங்கிருந்தபடி நீட்டிக்க முடியாதாம். டிசம்பருக்குள் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும். மூன்று மாதமாவது வெளியே இருந்த பிறகுதான் புதிய விசா. அதுவும் கிடைக்குமா என்பது நிச்சயமில்லை. இரண்டு பேராக வந்தோம். ஒருவரை மண்ணுக்குள் வைத்தேன். இப்போது நீ போ என்கிறார்கள். மண் இறுகிய பிறகுதான் கல் வைப்பார்களாம். அதைக் கூடப் பார்க்காமல் போக வேண்டும்.

ஜாய்ஸ்


போடிநாயக்கனூர்
அக்டோபர் 16, 2024

என் ஜாய்ஸுக்கு,

கார்த்திக் தேனியிலிருந்து வந்து, தாளில் எழுதாமல் என் முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்தான். அதிலேயே தெரிந்துவிட்டது.

ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்க மாட்டேன். கேட்கத்தான் இருந்தேன். மண்ணெல்லாம் கர்த்தருடையதுதானே என்று ஆயர் எழுதிக் காட்டினார். அது எனக்கு ஆறுதலாக இல்லை. உன் கடிதத்தில் குளிர் ஆகாது என்று நீ சொன்னதை வாசித்ததும்தான் மனம் அடங்கியது. நாற்பத்து மூன்று வருஷம் அந்த மனுஷனுக்கு வெந்நீர் வைத்தவள் நீ. உனக்குத் தெரியாதது ஆயருக்குத் தெரியுமா?

நாலு மணிக்கு வரச் சொன்ன கூட்டாளிகள் வந்தார்கள். முன்னறையில் உட்கார்ந்து தம்பியைப் பற்றிப் பேசினார்கள். நான் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரித்தார்கள், கண்ணைத் துடைத்தார்கள். கடையடைக்கவில்லையே என்று நீ வருத்தப்பட வேண்டாம்.

புறப்பட்டு வா. இனி நீ எங்கும் போக வேண்டாம். நானும் நீயும் கடைசி வரைக்கும் இங்கேயே இருந்துவிடுவோம்.

அக்கா


போடிநாயக்கனூர்
பிப்ரவரி 20, 2025

அன்பு மகள் ஜெனிபருக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். நீ, மாப்பிள்ளை, திரிஷா மூவரும் நலமாயிருக்க வேண்டும். உன் அம்மா உடம்பில் ஒரு குறையும் இல்லை. இரண்டு வேளை என்னை நடக்கக் கூட்டிப் போகிறாள். இப்போது பஞ்சம்மாளோடு மீன் வாங்கப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

டிசம்பரில் வந்து இறங்கியதும் உன் அம்மா சின்னப் பிள்ளை மாதிரி இருந்தாள். தேனி சந்தைக்குப் போக வேண்டும் என்றாள், போனோம். ஓடைப்பட்டிக்கு ஆட்டோ வைத்துக்கொண்டு போய்ப் பந்தலுக்குக் கீழே நின்று திராட்சையைப் பறித்துத் தின்றாள். சின்னமனூரில் தெரிந்தவர்கள் வீட்டில் ஒரு பகல் முழுக்கக் கதை பேசினாள். பஜாரில் பார்க்கிறவர்கள் எல்லாம், "ஊருக்கே வந்துட்டீகளா?" என்று கேட்டார்களாம். தலையை ஆட்டினாள். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க வயிறு குளிர்ந்தது. வாய் அசைவை நான் படிக்கும்படி மெதுவாகப் பேச அவள் ஒருத்திக்குத்தான் பொறுமை இருக்கிறது. இரண்டு வருஷமாக இந்த வீட்டில் யாரோடும் முழுதாக ஒரு பேச்சுப் பேசாதவள் நான், ஜெனி.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிறு. ஆராதனை முடிந்து வெளியே நின்றோம். சபை மூப்பர் எபனேசர் ஏதோ கேட்டார். உன் அம்மா கையைத் தூக்கி ஒரு பக்கம் காட்டினாள். தூக்கிய கை மலையைக் காட்டுவதா, ரோட்டைக் காட்டுவதா என்று தெரியாமல் நடுவில் அப்படியே நின்றுவிட்டது. என்ன கேட்டார் என்று பிறகு கார்த்திக்கிடம் விசாரித்தேன். "பொன்னுராஜ் அண்ணன எங்கன அடக்கம் பண்ணீக?" என்று கேட்டிருக்கிறார். இவள், "அங்கன" என்று சொல்லிக் கையைத் தூக்கியிருக்கிறாள்.

அன்றைக்குச் சாப்பிட்டு முடித்ததும் கார்த்திக்கிடம், "ஏலே, ஆஸ்திரேலியா எந்தத் திசையிலடா இருக்கு?" என்று அவள் கேட்டதை நான் பார்த்தேன். அவன் செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அடுப்படிச் சுவர்ப் பக்கம் விரலை நீட்டினான். தென்கிழக்காம்.

மறுநாள் சாயங்காலம் டீயை எடுத்துக்கொண்டு வந்தாள். வழக்கமாக வாசலைப் பார்த்து உட்காருகிறவள், நாற்காலியைத் திருப்பிப் போட்டு அடுப்படிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு கேட்டேன்.

"ஏன்த்தா செவத்தப் பாத்து உக்காந்திருக்க?"

"இந்தப் பக்கந்தான்க்கா காத்து வருது."

அந்தச் சுவரில் ஜன்னலே கிடையாது, ஜெனி.

இங்கே என்னென்ன வேண்டும் என்று அங்கிருந்து ஏங்கினாளோ அதெல்லாம் கிடைத்துவிட்டது. அவளுக்கு நான் இருக்கிறேன், ஊர் இருக்கிறது, கேட்டதும் பேச நூறு பேர் இருக்கிறார்கள். அவர் மட்டும் இல்லை. அங்கே போனால் இது ஒன்றும் இருக்காது, அவர் இருப்பார். இந்த வயதில் ஒரு பெண்பிள்ளையை இப்படி இரண்டாகப் பிரித்து வைக்கிற காரியம் எங்கள் காலத்தில் இல்லை. ஆளோடு மண்ணும் இங்கேதான் இருந்தது.

அவளாக வாய் திறந்து போகிறேன் என்று சொல்ல மாட்டாள். என்னைத் தனியாக விட்டுப் போகிறோமே என்று மருகுகிறாள். அதுவும் எனக்குத் தெரியும். கடைசி வரைக்கும் இங்கேயே இரு என்று எழுதியவள் நான்தானே, இப்போது நான் போ என்று சொன்னால் நம்ப மாட்டாள். அதனால் நீ கூப்பிடு. திரிஷாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று சொல், கல் வைக்கப் போகிறோம் என்று சொல், என்னவாவது சொல். விசாவுக்கு இப்போதே எழுதிப் போடு.

நான் சொன்னதாக மட்டும் சொல்லாதே. அவள் வந்துவிட்டாள், வெளியே செருப்புக் கழற்றுகிறாள்.

பெரியம்மா,
ஜெபா


லான்செஸ்டன்
ஆகஸ்ட் 17, 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். மதுரை விமான நிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ கையை ஆட்டியதும், நான் திரும்பிய பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டதும் எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. கண்ணாடியில் எல்லாம் தெரிந்தது. ஜெனிபர் தானாகவேதான் கூப்பிட்டாள் என்று நான் நம்பியதாகவே இருக்கட்டும்.

வியாழக்கிழமை அவரிடம் போனேன். மண் இறுகிவிட்டது. கல் வைத்திருக்கிறார்கள். தமிழில் பொறிக்க இங்கே ஆள் கிடையாது. மாப்பிள்ளை பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்து, அதைப் பார்த்து ஒரு வெள்ளைக்காரர் செதுக்கியிருக்கிறார். 'ஜ'வின் சுழி கொஞ்சம் கோணல். "பொன்னுராஜ், போடிநாயக்கனூர்" என்று மட்டும் போடச் சொல்லியிருந்தேன். உறைபனியை முந்தானையால் துடைத்தேன்.

அங்கேயே புல்லில் துண்டை விரித்து உட்கார்ந்து ஊர்ச் செய்தி எல்லாம் சொன்னேன். இந்தப் பருவத்தில் காய் என்ன விலை போனது என்று சொன்னேன். நாலு மணிக்கு இப்போதும் உன் வீட்டுக்கு இரண்டு பேர் வந்து தாளில் எழுதி எழுதி உன்னோடு அரட்டை அடிக்கிறார்கள் என்றும் சொன்னேன். அடுத்த கல்லறைக்குப் பூ வைக்க வந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டி என்னையே பார்த்தார். உன் புருஷனா என்று கேட்டார். ஆமாம் என்றேன். தன் புருஷனைக் காட்டினார். எந்த ஊர் என்று கேட்டார். இரண்டு வருஷமாக யார் கேட்டாலும் இந்தியா என்று டக்கென்று சொல்வேன். அன்றைக்குக் கல்லில் எழுதியிருப்பதைத் தொட்டுக் காட்டினேன்.

வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்ற வைத்ததும் போடி நினைப்பு பிடித்துக்கொண்டது. அங்கே நீ இந்நேரம் என்ன செய்வாய், பஞ்சம்மாள் வந்திருப்பாளா, மலையில் சாரல் விழுமா என்று மனது கிடந்து அலைகிறது. வந்து ஒரு வாரம் கூட ஆகவில்லை! ஜெனிபர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டாள்:

"இந்த விசாவும் முடிஞ்சா மறுபடி வெளிய போகணுமேம்மா. அந்த வயசுல என்ன பண்ணுவீங்க?"

"போவேன்" என்றேன். "எங்க அக்காகிட்ட இருப்பேன். அப்புறம் வருவேன்."

உடம்பைப் பார்த்துக்கொள், அக்கா. நான் வரும்போது நீ இருக்க வேண்டும்.

உன் தங்கை,
ஜாய்ஸ்